மூன்று தடவை கேட்க வேண்டும்

காரைக்குடிக்கு ரயில் வந்தாலும் வந்தது, ஊர் நியாயம் எல்லாம் ரயில் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. போன மாதம் மானாமதுரைக்குப் போகும்போது என் எதிரே இரண்டு பேர் வாக்குவாதம் செய்துகொண்டே வந்தார்கள். டெல்லிச் சட்டசபையில் முஸ்லிம் பெண்களுக்கு விவாகரத்து உரிமை கொடுக்க ஏதோ மசோதா வருகிறதாம். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தவர், அந்தப் பெண்களுக்குப் பாவம் வாயே கிடையாது, சர்க்கார்தான் காப்பாற்ற வேண்டும் என்றார். துருக்கித் தொப்பி வைத்திருந்தவர், எங்கள் வீட்டு விஷயத்தில் வெளியார் மூக்கை நுழைக்கக் கூடாது என்றார். கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, பெரியவர் என்ன சொல்றீக என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்களின் வாய்ச்சொல்லை நம்பியே சோறு தின்றவன் நான். அதைச் சொல்லி விளங்க வைப்பதற்குள் மானாமதுரை வந்துவிட்டது.

ஊர் திரும்பினால், இப்போது என் இடத்தில் இருக்கும் புது நாயிபு வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நன்றாக ஓதினவர், ஆனாலும் கல்யாண வீட்டில் திரைக்கு முன்னால் போய் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதாம். நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார். சரி, ரயிலில் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாயிபு என்றால் காஜியாருக்கு உதவியாள். காஜியார், எங்கள் தாலுகாவில் முஸ்லிம்களின் நிக்காஹ்வை நடத்திப் பதிந்து வைக்க சர்க்கார் ஒப்புக்கொண்ட மார்க்கப் பெரியவர். பந்தலில் மாப்பிள்ளைக்கு முன்னால் அவர் உட்காருவார். நான் இரண்டு சாட்சிகளை அழைத்துக்கொண்டு பெண்கள் இருக்கும் உள்கட்டுக்குப் போய், திரைக்கு இந்தப் பக்கம் நின்று, மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்டு வரவேண்டும். அவள் சம்மதம் வராமல் நிக்காஹ் இல்லை. பெண்ணின் தகப்பனாரே கேட்கலாம் என்றுதான் மார்க்கச் சட்டக் கிதாபில் இருக்கிறது. ஆனால் அத்தா போய்க் கேட்டால் எந்தப் பெண்ணம்மா மாட்டேன் என்பாள் என்பது எங்கள் காஜியாரின் கட்சி.

நான் ஓதின கதையை எழுத ஒன்றுமில்லை. வாணியம்பாடிப் பக்கம் ஒரு மதரஸாவில் ஏழெட்டு வருஷம் இருந்தேன். ஓதினேன், அடி வாங்கினேன், புளிச்சாறு குடித்தேன், ஊர் வந்து சேர்ந்தேன். உண்மையான படிப்பு காஜியாரிடம் வந்த பிறகுதான்.

காஜியார் ஆளும் சிறியவர், குரலும் சிறியது. கல்யாண வீட்டில் நிக்காஹ் முடிகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. குடித்த சர்பத்து தொண்டைக்குள் இருந்துகொண்டு அந்த வீட்டாருக்காகப் பேசும் என்பார். அவர் கோபத்தைக் கண்டுபிடிப்பது ஒரு கலை. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். என்னை 'டேய்' என்றால் சந்தோஷமாக இருக்கிறார். 'நீ' என்றால் சுமார். 'நீங்க' என்றால் வேலையில் ஏதோ தப்பு. 'தாங்கள்' என்று ஆரம்பித்துவிட்டால் எதிரே இருக்கிற ஆள் செருப்பைத் தேடிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் பூராவும் 'நீங்க'வாகவே இருந்தேன்.

அவருக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் சம்மதம் கேட்பதெல்லாம் ஒரு சடங்கு. நாயிபு அரபியில் கடகடவென்று ஒன்றைச் சொல்வார், உள்ளே நாலைந்து பெண்கள் ஒன்றாகச் 'சம்மதம்' என்று கத்துவார்கள், ஆண்கள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். காஜியார் அதை மாற்றினார். தமிழில் கேள் என்றார். உள்ளே சத்தம் அடங்குகிறவரை வாயைத் திறக்காதே என்றார். மாப்பிள்ளை பெயர், அவர் தகப்பன் பெயர், அவர் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் தொகை எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல், மூன்று தடவை வரை கேட்கலாம், பதில் அவள் குரலிலேயே வரவேண்டும், சாட்சிகள் காதிலும் விழ வேண்டும் என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். கன்னிப்பெண் வெட்கத்தில் பேசாமல் இருந்தால் அதுவும் சம்மதம் என்று கிதாபிலேயே இருக்கிறதே என்று கேட்டேன்.

"வெட்கத்துல பேசாம இருக்காளா, பயத்துல பேசாம இருக்காளான்னு திரைக்கு இங்குட்டு நின்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். நான் அன்று 'நீங்க'.

அவரே அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். சம்மதம் கேட்பதற்கு முன்னால் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "என்னம்மா சாப்பிட்டே?" அதற்கு அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். குரல் தெரிந்துவிடும். நாக்கும் கொஞ்சம் இளகிவிடும். பிறகு வருகிற சம்மதம் அதே குரலில் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

இந்த ஒரு கேள்வியில் நான் கண்ட சந்தோஷம் கொஞ்சமில்லை. முக்கால்வாசிப் பெண்கள் 'ஒண்ணும் சாப்பிடலை' என்பார்கள். ஒருத்தி, 'இடியாப்பம் குடுத்தாக, தேங்காய்ப்பால் குடுக்கலை' என்று முறையிட்டாள். இன்னொருத்தி, நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், வெளியில் பந்தி ஆரம்பிச்சாச்சா என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டுக் கேள்விக்குக் கீச்சுக் குரலில் பதில் வந்தது. சம்மதம் மட்டும் கட்டைக் குரலில் வந்தது. இது சாப்பிட்டவள் குரல் இல்லையே என்றேன். உள்ளே ஒரே சிரிப்பு. மணப்பெண் வாய் நிறைய அதிரசத்தை அடைத்துக்கொண்டிருந்தாளாம், நேரமாகிறதே என்று மாமி உதவிக்கு வந்தாளாம். அதிரசம் இறங்குகிறவரை நானும் சாட்சிகளும் காத்துக்கொண்டு நின்றோம். முப்பது வருஷத்துக்குக் கிட்ட இந்த வேலை பார்த்தேன். ஒரு மணப்பெண்ணின் முகத்தையும் பார்த்ததில்லை. குரல்கள் மட்டும் இன்னும் காதில் இருக்கின்றன.

அவற்றில் மறக்கவே முடியாதது மைமூன் குரல்.

மைமூனின் அத்தா எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த செய்யது ராவுத்தர். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஜுலைகா. அவளைக் காஜியார் வருவதற்கு முன்பே, சின்ன வயசிலேயே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவள் புருஷன் ரங்கூனுக்குத் துணி வியாபாரத்துக்குப் போனவன், அங்கே ஒரு பர்மாப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். வரவும் இல்லை, வாழ வைக்கவும் இல்லை, தலாக் சொல்லி விடவும் இல்லை. ஜுலைகா கழுத்தில் கருகமணியோடு அத்தா வீட்டில் கிடந்தாள். அக்காளின் அந்தக் கிடப்பைப் பார்த்தே வளர்ந்தவள் மைமூன்.

மைமூனுக்குப் பேசின மாப்பிள்ளை, ஜமாத்தில் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லியாக இருந்தவரின் மகன் யூசுப். நல்ல பையன். குறை ஒன்றே ஒன்று, அவனும் ரங்கூனில் இருந்து வந்தவன், கல்யாணம் முடிந்த கையோடு மறுபடியும் கப்பல் ஏறுகிறவன்.

கல்யாணத்தன்று குன்றக்குடிக்குக் காவடி போகிற நாளாக வாய்த்தது. ஊரில் இருந்த மாட்டுவண்டி எல்லாம் அங்குட்டுப் போய்விட்டதால் பாதி விருந்தாளிகள் நடந்து வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலமும் காவடி ஊர்வலமும் தெருமுனையில் எதிரெதிரே வந்து நின்று, நீங்க முன்னாலே போங்க, இல்லை நீங்க போங்க என்று உபசாரம் செய்துகொண்டதில் கொஞ்ச நேரம் போயிற்று. முத்தவல்லி காவடிக்காரர்களுக்குப் பானகம் கொடுத்து அனுப்பினார். அந்த விஷயத்தில் தாராளமான மனுஷர். அடுத்த தெருச் செட்டியார் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கென்று தனிச் சமையல்காரர் வைத்துச் சைவச் சாப்பாடு. இந்தப் பக்கம் நெய்ச்சோறும் தால்ச்சாவும் மணந்துகொண்டிருந்தன.

நான் சாட்சிகளோடு உள்ளே போனேன். திரைக்கு முன்னால் நின்று, சத்தம் அடங்கியதும், என்னம்மா சாப்பிட்டே என்றேன்.

"வயிறு நிறையச் சாப்பிட்டேன் மாமு. பசியில பேச்சு தடுமாறிறக் கூடாதுல்ல" என்றது குரல்.

இந்தப் பதில் எனக்குப் புதிது. மாப்பிள்ளை பெயர், தகப்பன் பெயர், மஹர் எல்லாம் சொல்லிச் சம்மதம் கேட்டேன்.

"சம்மதம்தான். ஆனா ஒரு நிபந்தனை. ரங்கூன்ல அவுக இன்னொரு நிக்காஹ் செஞ்சா, என்னைய நானே விடுவிச்சுக்கிற அதிகாரம் எனக்கு வேணும். அதை இப்பவே, சாட்சிகளுக்கு முன்னால, என் கையில குடுக்கணும். குடுத்தா சம்மதம். இல்லைன்னா இல்லை."

ஒரு சாட்சி என்னைப் பார்த்தார். இன்னொருவர் கூரையைப் பார்த்தார். கிதாபில் அப்படி ஒரு வழி இருப்பது தெரியும். ஓதின காலத்தில் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். அதை ஒரு பெண் வாயால் கேட்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று பிறகு விசாரித்தேன். ஒருவரும் இல்லை. அக்காளுக்கு ஏதாவது வழி உண்டா என்று வெள்ளிக்கிழமை தோறும் மார்க்கப் பிரசங்கம் செய்ய வருகிற ஆலிம்களிடம் அத்தாவைவிட்டுக் கேட்கச் சொல்லி, கேட்கச் சொல்லி, அவளே தேறிவிட்டாள். அக்காளுக்கு அது உதவவில்லை. நிக்காஹ் நேரத்தில் கேட்டிருக்க வேண்டியது அது.

வெளியே வந்து சொன்னோம். பந்தல் சந்தைக்கடை ஆகிவிட்டது. செய்யது ராவுத்தர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முத்தவல்லி எழுந்துவிட்டார். நம் ஊரில் இப்படி ஒரு வழக்கம் உண்டா, அடுத்த தெருக்காரர்கள் முன்னால் நம் மானம் என்ன ஆவது என்று கேட்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, மறுபடியும் போய்க் கேளுங்கள், பெண்ணுக்குக் கூச்சம், உளறிவிட்டது, உள்ளே பெரிய பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கண்ணைக் காட்டினார்.

காஜியாரைப் பார்த்தேன், போய்க் கேள் என்று தலையை ஆட்டினார். போனேன். வாயைத் திறப்பதற்குள்ளேயே திரைக்கு உள்ளேயிருந்து "சம்மதம்" என்று வந்து விழுந்தது. வயசான குரல்.

"மாமி, நீங்க என்ன சாப்பிட்டீக?" என்றேன்.

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. மாமி, 'போங்க நாயிபு, உங்களுக்கு வேற வேலை இல்லை' என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கியது கேட்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் இன்னொரு குரல் வந்தது. அது எங்கள் பேச்சு இல்லை. செட்டியார் தெரு மீனாட்சி ஆச்சி. செய்யது ராவுத்தர் குடும்பத்துக்கு ரொம்ப நாள் பழக்கம், கல்யாணத்துக்கு வந்து பெண்களோடு உட்கார்ந்திருந்தார்.

"நல்லாக் கேளு ஆத்தா. எங்க கல்யாணத்துல இசைகுடிமானம்னு பத்திரம் எழுதினாக, ரெண்டு வீட்டுப் பங்காளியும் சரின்னாக, ஊரே சரின்னுச்சு. என்னைய ஒருத்தரும் கேக்கலை. எங்க வீட்டுக்காரவுக பர்மாவுக்குப் போயி மூணு வருசம் கணக்கு முடிச்சுட்டு வர்றாக. அங்குட்டு என்ன செய்றாகன்னு நான் யாரைப் போயிக் கேக்க? உனக்காவது திரைக்கு வெளியே கேக்குறதுக்கு ஒரு ஆளு நிக்கிறாரு."

இதை நான் சாட்சிகளோடு நின்று கேட்டேன். ரயிலில் எங்கள் பெண்களுக்காக இரக்கப்பட்டாரே திருநீறு பூசினவர், அவரை அன்று என் பக்கத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

வெளியே முத்தவல்லி தம் துணைக்குத் தேவகோட்டையிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த ஒரு வக்கீலைப் பிடித்திருந்தார். வக்கீல் ஐயா நல்லவர், பண்பானவர். சண்டை வரக் கூடாது என்ற நினைப்பில், காஜியாரிடம், ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு, உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறபடியே நடத்துங்கள், நாங்கள் யாரும் அதில் குறை சொல்ல மாட்டோம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

காஜியார் அவரைப் பார்த்தார்.

"தாங்கள் சொல்றது வாஸ்தவம்" என்றார். நான் வக்கீலின் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தேன். "எங்க வழக்கத்தைத் தாங்கள் மதிக்கிறீக. சந்தோஷம். ஆனா எது எங்க வழக்கம்னு யாரைக் கேக்குறீக? வெளியே இருக்கிற முத்தவல்லியைக் கேக்குறீக. உள்ளே இருக்கிற பிள்ளையும் எங்க ஆளுதானே ஐயா? அதுவும் எங்க கிதாபுல இருக்கிறதைத்தானே கேக்குது?"

வக்கீல் ஐயா வாய்விட்டுச் சிரித்து, காஜியார் கோர்ட்டில் எனக்குக் கட்சி இல்லை என்று சொல்லிப் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த நல்ல குணம் எத்தனை வக்கீலுக்கு உண்டு?

முத்தவல்லி விடவில்லை. "கிதாபுல இருக்கிறதெல்லாம் ஊர்ல நடக்குமா?" என்றார். காஜியார் என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் பேசுறாக. மாப்பிள்ளையை யாராவது கேட்டீகளா?"

ஒருவரும் கேட்கவில்லை. யூசுப் முகத்தை மறைத்துத் தொங்கிய பூச்சரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அன்றைக்கு ஒரு திரைதான். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். பழக்க தோஷம், என்ன மாப்பிள்ளை சாப்பிட்டீக என்றுதான் முதலில் வாயில் வந்தது.

"பயத்துல ஒண்ணும் இறங்கலை மாமு" என்றான். அப்புறம் மெதுவாக, "நிபந்தனைக்கு நான் ஒத்துக்கிறேன். எனக்கும் ஒண்ணு கேக்கணும். அவுக என்கூட ரங்கூனுக்கு வருவாகளான்னு கேட்டுச் சொல்லுங்க. அங்குட்டுத் தனியா இருந்து ஆளுக கெட்டுப் போறதைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்" என்றான்.

முத்தவல்லி இடி விழுந்தவர்போல் நின்றார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து ஆண்கள்தான் கப்பல் ஏறுவார்கள். பெண்கள் கப்பலைப் பார்த்ததுகூடக் கிடையாது. நான் மறுபடியும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார், ஆனால் இப்படிக் கேட்கிறார் என்றேன்.

உள்ளே குசுகுசுவென்று பேச்சு நடந்தது. பிறகு, "கப்பல்ல வாந்தி வருமாமே?" என்றது குரல்.

வரும் என்றுதான் கேள்வி, போனவர்கள் யாரும் செத்துப் போகவில்லை என்றேன்.

"வாரேன்னு சொல்லுங்க. ஆனா நிபந்தனை நிபந்தனைதான்."

நான் பந்தலுக்குத் திரும்பிய நேரமும் சமையல்காரர் வந்து நின்ற நேரமும் ஒன்றாக இருந்தது. அவருக்கு முத்தவல்லியும் தெரியாது, கிதாபும் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் நெய்ச்சோறு கஞ்சியாகிவிடும், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது என்று சத்தமாக அறிவித்துவிட்டுப் போனார். பந்தல் முழுவதும் முத்தவல்லியைத் திரும்பிப் பார்த்தது. ஊர்ப் பசியை எதிர்த்து நிற்க யாரால் முடியும்? மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, 'என்னமோ செய்ங்க' என்று உட்கார்ந்தார். யூசுப் பூச்சரத்தை விலக்கிக்கொண்டு எல்லோர் காதிலும் விழும்படி அந்த அதிகாரத்தை அவளுக்குக் கொடுத்தான். நான் கடைசியாக உள்ளே போய்க் கேட்டேன். "சம்மதம்" என்று வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டவள் குரல், சந்தேகமே இல்லை.

அன்றைக்கு நிக்காஹ் முடிந்ததும் காஜியார் ஒரு செம்பு சர்பத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "டேய், நல்லாச் செஞ்சேடா இன்னைக்கு" என்றார். எனக்கு அந்த வருஷம் வந்த ஹஜ்ஜுப் பெருநாளைவிட அதுதான் பெருநாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் புளுகுகிறான் என்பீர்கள். அடுத்த கல்யாணத்தில் அந்தப் பெண்ணும் நிபந்தனை கேட்டாள். அதற்கடுத்தவளும் கேட்டாள். ஒருத்தி, நிபந்தனை எதுவும் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போனால் போதும் என்றாள். அதையும் மாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச வருஷத்தில் சம்மதம் கேட்டவுடனே, 'நிபந்தனை ஏதும் உண்டாம்மா' என்று நாங்களே கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. பிறகு முத்தவல்லி தம் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் வெளியூர்க்காரர்கள், இதென்ன புதுப் பழக்கம் என்று முகம் சுளித்தார்கள். முத்தவல்லி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இது எங்க ஊர் வழக்கம். பரம்பரையா இருக்கு" என்றார். காஜியார் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

மைமூன் ரங்கூனுக்குப் போனாள். வாந்தி எடுத்தாளாம், ஆனால் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாளாம். போய் இறங்கிக் கொஞ்ச நாளில் அக்காள் புருஷனின் வீட்டைத் தேடிப் பிடித்துவிட்டாள். இதை விடுமுறையில் வந்த யூசுப்பே என்னிடம் சொன்னான். அந்தப் பர்மாப் பெண் பஜாரில் சொந்தமாகக் கடை வைத்திருந்தவள். தன் புருஷனுக்கு ஊரில் இப்படி ஒருத்தி இருப்பதே அவளுக்குத் தெரியாதாம். மைமூன் தனக்குத் தெரிந்த அரைகுறைப் பர்மாப் பேச்சிலும் மீதியைக் கையிலுமாகச் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் எழுந்து போய் அவன் துணிப்பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாளாம். அங்கே கிடக்கிறவளை முதலில் விடு, அப்புறம் உள்ளே வா என்றாளாம். அன்றைக்கே, யூசுப்பும் பக்கத்துக் கடைக்காரர்களும் கேட்க, அவன் ஜுலைகாவுக்குத் தலாக் சொன்னான். மைமூனுக்கும் அந்தப் பர்மாப் பெண்ணுக்கும் அதற்குப் பிறகு நல்ல சிநேகிதம் என்று யூசுப் சொன்னபோது எனக்கு ஒரே ஆனந்தம்.

ரயிலில் கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். மசோதா வரட்டும். எல்லா ஜுலைகாவுக்கும் ரங்கூனில் ஒரு தங்கச்சி இருக்க மாட்டாள். ஆனால் எங்கள் பெண்களுக்கு வாய் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். எங்கள் விஷயத்தில் தலையிடாதே என்று சொல்கிறவரும், 'எங்கள்' என்பதில் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைச் சேர்த்துக்கொண்டு சொல்லட்டும்.

புது நாயிபு கேட்டதற்குப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கு ஜுலைகாவின் இரண்டாவது நிக்காஹ்வைச் சொன்னால் போதும். பள்ளத்தூர்ப் பக்கம் தையல்கடை வைத்திருந்த ஒரு நல்ல மனுஷர், மனைவியை இழந்தவர், பெண் கேட்டு வந்தார். காஜியாருக்கு அப்போது நடை தளர்ந்துவிட்டது. ஆனாலும் இதற்கு நான் வருவேன் என்று வண்டியில் வந்து பந்தலில் உட்கார்ந்தார். சின்னக் கல்யாணம். மீனாட்சி ஆச்சி வந்திருந்தார். மைமூன் ரங்கூனிலிருந்து வந்து, கையில் ஒரு பிள்ளை இடுப்பில் ஒரு பிள்ளையாக நின்றாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஏற்கெனவே ஒரு தடவை கல்யாணம் ஆனவள் வாயைத் திறந்து சொல்லித்தான் ஆகவேண்டும், மௌனம் செல்லாது என்பது கிதாப். அவ்வளவு வருஷம் ஜுலைகாவை நான் அந்தத் தெருவில் கடந்திருக்கிறேன். அவள் குரலைக் கேட்டதே இல்லை. என்னம்மா சாப்பிட்டே என்றேன்.

"ரெண்டு இட்லி" என்றது. மெல்லிய குரல். பயம் இல்லை.

நிபந்தனை ஏதும் உண்டா என்றேன். இல்லை என்றாள். மாப்பிள்ளை பெயர் சொல்லிச் சம்மதம் கேட்டேன்.

"சம்மதம்."

முதல் தடவையே வந்துவிட்டது. சாட்சிகளும் கேட்டாயிற்று. நாங்கள் திரும்பினோம்.

"நாயிபு மாமு" என்றது உள்ளேயிருந்து. "முதல் நிக்காஹ்ல எனக்குப் பதிலா எங்க மாமிதான் சொன்னாக. என்னைய யாரும் கேக்கலை. மூணு தடவை கேக்கலாம்னு சொல்லுவாகளே. மூணு தடவையும் கேளுங்க."

சாட்சிகள் தாங்களாகவே திரும்பி நின்றார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாப்பிள்ளை பெயர், தகப்பன் பெயர், மஹர், ஒன்றும் விடாமல் முதலிலிருந்து கேட்டேன். இரண்டாம் தடவை கொஞ்சம் பலமாகச் சம்மதம் வந்தது. மூன்றாம் தடவை கேட்கும்போது என் குரல்தான் உடைந்தது. அவள் குரல் உடையவில்லை. திரையைத் தாண்டி, உள்கட்டைத் தாண்டி, அந்தச் சம்மதம் வாசல் வரைக்கும் போயிற்று. சாட்சிகளை அழைத்துக்கொண்டு நான் பந்தலுக்கு வந்து சேர்வதற்குள், காஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"டேய், நீ ஒண்ணும் சொல்ல வேணாம்டா. எனக்கே கேட்டுச்சு."